ஆற்காடு நவாப் வாலாஜாவும் அவர் கடனும்

சென்னையிலிருந்து மாமல்லபுரம் செல்லும் கடற்கரைச் சாலையில் கோவளம் என்றோர் ஊர் உண்டு. அங்கு அடங்கியிருக்கும் தமீமுல் அன்ஸாரி அவர்களின் தர்காவுக்கு நம் குடும்பங்கள் பலவும் சென்று வருவது வழக்கம். செல்வோர் ஃபாத்திஹா ஓதி, கடற்கரையில் சற்றே அமர்ந்து, மாலை பஸ்ஸில் ஊர் திரும்பி விடுகின்றனர். அதே கரையில் ஆற்காடு நவாப் அன்வருத்தீன் கான் 1740களில் ஒரு துறைமுகக் கோட்டையை எழுப்பி, அதற்கு ஸஆதத் பந்தர் என்று பெயரிட்டிருந்தார் என்பதை அறிந்தோர் சிலரே. நற்பேற்றுத் துறைமுகம் என்பது அப்பெயரின் பொருள். அந்தக் கோட்டை 1750-இல் பிரெஞ்சுக்காரர் கையில் விழுந்தது. 1752-இல் ராபர்ட் கிளைவ் அதை முற்றுகையிட்டுப் பிடித்தார். பின்னர் அது வெடிமருந்து வைத்துத் தகர்க்கப்பட்டது. கோவளத்தைப் பிடித்த கையோடு கிளைவ் செங்கற்பட்டுக் கோட்டையையும் பிடித்தார். கோவளத்தில் இடிபாடுகள் கிடந்த இடத்தில் இன்று உல்லாச விடுதி நிற்கிறது. செங்கற்பட்டில் கோட்டையின் எல்லையை ஊடறுத்து ரயில் ஓடுகிறது.

இவ்விரு போர்களும் ஒரே மனிதரின் பெயரால் நடைபெற்றவை. அன்வருத்தீன் கானின் மகன் நவாப் முஹம்மது அலி கான் வாலாஜாவே அம்மனிதர். சென்னையில் வாலாஜா சாலையில் நடப்போரும், வாலாஜாபேட்டையிலோ வாலாஜாபாத்திலோ குடியிருப்போரும் நாள்தோறும் அவர் பெயரைச் சொல்லிக் கொண்டே இருக்கின்றனர். ஆனால் அவரது வாழ்வின் பெரும் பகுதியை விழுங்கியது எது என்பதைச் சொல்வோர் அரிது. அவர் வீரர், கல்விமான்களை மதித்தவர், ஈகையில் கை சுருங்காதவர். அவரை வீழ்த்தியது கடன். அதுவும் வட்டிக் கடன்.

முஹம்மது அலி 1717-இல் பிறந்தார். குடும்பத்தின் பூர்வீகம் அயோத்தி நாட்டைச் சேர்ந்த கோபாமவ். தந்தை அன்வருத்தீன் கான் நிஜாமின் அரசுப் பணியில் உயர்ந்து, 1744-இல் கர்நாடகத்தின் நவாபாக ஆற்காட்டில் அமர்ந்தார். ஐந்தே ஆண்டுகளில், 1749 ஆகஸ்டு 3-ஆம் நாள், ஆம்பூர்ப் போர்க்களத்தில் சந்தா சாஹிபும் முஸஃப்பர் ஜங்கும் பிரெஞ்சுப் படையும் ஒன்று சேர்ந்து அவரை வீழ்த்தினர். மூத்த மகன் மஹ்ஃபூஸ் கான் சிறைப்பட்டார். இளையவரான முஹம்மது அலி திருச்சிராப்பள்ளிக் கோட்டைக்குள் அடைக்கலம் புகுந்தார். அப்போது அவருக்கு வயது 32. நாடு பகைவரிடம் இருந்தது, கஜானா காலி, படைக்குச் சம்பளம் கொடுக்கவும் பணமில்லை.

ஆங்கிலக் கிழக்கிந்தியக் கம்பெனி உதவிக்கு வந்தது. இந்த உதவியை நட்பு என்று எண்ணியவர் நவாப். கம்பெனியோ ஒவ்வொரு குண்டுக்கும் ஒவ்வொரு சிப்பாயின் படிக்கும் கணக்கு எழுதி வைத்தது. 1752-இல் சந்தா சாஹிப் கொல்லப்பட்டார். 1761-இல் புதுச்சேரி விழுந்தது. 1763-இல் பாரிஸ் உடன்படிக்கையில் ஐரோப்பிய வல்லரசுகள் முஹம்மது அலியைக் கர்நாடகத்தின் முறையான நவாப் என்று ஒப்புக்கொண்டன. 1765-இல் டில்லிப் பாதுஷா ஷா ஆலம், நிஜாமின் மேலாண்மையிலிருந்து அவரை விடுவித்துத் தனி உரிமை வழங்கினார். பதினாறு ஆண்டுப் போர் முடிந்து வெற்றி வந்தது. ஆனால் போரின் செலவுச் சீட்டு முழுவதும் நவாபின் பெயரிலேயே இருந்தது.

இந்த இடத்தில்தான் செங்கற்பட்டு நம் கதைக்குள் வருகிறது. 1763-இல் கம்பெனியின் உதவிக்கு ஈடாகவும் படைச் செலவுக்காகவும், செங்கற்பட்டு, காஞ்சிபுரம், மதுராந்தகம் உள்ளிட்ட சென்னையைச் சூழ்ந்த பெருநிலப்பரப்பை நவாப் கம்பெனிக்கு ஜாகீராக எழுதிக் கொடுத்தார். தந்தை கோட்டை கட்டிய கோவளக் கரையும் அதனுள் அடங்கிற்று. 1765-இல் பாதுஷாவின் ஃபர்மான் இதை உறுதி செய்தது. பின்னர் அதே நிலத்தை, ஆண்டுக் குத்தகை செலுத்துவதாக ஒப்புக்கொண்டு, நவாபே கம்பெனியிடமிருந்து வாங்கி 1780 வரை நடத்தினார். கடனுக்காக வீட்டை எழுதிக் கொடுத்துவிட்டு, அதே வீட்டில் வாடகைக்குக் குடியிருக்கும் மனிதரை நம் ஊர்களில் நாம் பார்த்திருக்கிறோம். வெளியிலிருந்து பார்ப்பவருக்கு எதுவும் மாறியதாகத் தெரியாது. அதே திண்ணை, அதே வாசல். மாதம் பிறக்கும்போதுதான் மாற்றம் தெரியும்.

இதன் பிறகு நவாப் ஆற்காட்டை விட்டுச் சென்னையில் குடியேறினார். 1768-இல் சேப்பாக்கம் மாளிகை எழுந்தது. அதைக் கட்டிக் கொடுத்தவர் பால் பென்ஃபீல்டு என்னும் கம்பெனி ஊழியர் என்று சொல்வார்கள். இப்பெயரை வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

நவாபின் நற்செயல்களைக் குறைத்துச் சொல்வது நமக்கு அழகன்று. மக்கா, மதீனா ஆகிய இரு புனித நகரங்களுக்கும் அவர் வாரி வழங்கினார். ஹாஜிகளின் பயணத்துக்கும் உதவினார். லக்னோவின் ஃபிரங்கி மஹல் குடும்பத்துப் பேரறிஞர் அப்துல் அலீ பஹ்ருல் உலூம் அவர்களைச் சென்னைக்கு வரவழைத்து, பெருமதிப்புடன் ஆதரித்தார். தென்னாட்டில் அரபுக் கல்விக்குப் புத்துயிர் அளித்தவர்களுள் அப்பெரியார் ஒருவர். அவர் 1810-இல் மறைந்து திருவல்லிக்கேணிப் பெரிய பள்ளிவாசல் வளாகத்திலேயே அடங்கியிருக்கிறார். மதரஸாவில் ஓதிய எங்களைப் போன்றவர்களுக்கு நவாபிடம் நன்றிக் கடன் உண்டு. அதனாலேயே இதை எழுதும்போது என் கை சற்றுத் தயங்குகிறது.

ஆனால், கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு. இத்தனை ஈகைக்கும் பணம் எங்கிருந்து வந்தது?

கம்பெனிக்குச் செலுத்த வேண்டிய தவணை நாள் நெருங்கும். நாட்டின் வரி இன்னும் வந்து சேர்ந்திருக்காது. கோட்டையிலிருந்து கடுமையான கடிதம் வரும். அதே கோட்டையில் பணிபுரியும் ஆங்கில ஊழியர் ஒருவர் அன்று மாலையே மாளிகைக்கு வந்து, தம் சொந்தப் பணத்தைக் கடனாகத் தர முன்வருவார். தவணை கேட்பதும் அவர்களே. தவணைக்குக் கடன் தருவதும் அவர்களே. வட்டி தொடக்கத்தில் நூற்றுக்கு 30-க்கும் மேல் இருந்தது. பிறகு 25, 20 என்று இறங்கி, 1760களின் பிற்பகுதியில் 10 ஆக்கப்பட்டது. நூற்றுக்கு 25 வீதம் என்றால், வட்டி செலுத்தாமல் விட்ட கடன் நான்கே ஆண்டில் இரட்டிக்கும். ஈடாக நவாப் கொடுத்தது, வரவிருக்கும் விளைச்சலின் மீதான வரியை வசூலிக்கும் உரிமைச் சீட்டு. அச்சீட்டுடன் கடன்காரர்களின் ஆட்களும் துபாஷிகளும் கிராமங்களுக்குச் சென்று, களத்து மேட்டிலேயே நெல்லை அளந்துகொண்டனர். ஆகவே அடுத்த ஆண்டின் வரி அடுத்த ஆண்டு வருவதற்கு முன்பே தீர்ந்து போயிற்று. அடுத்த தவணைக்கு மறுபடியும் கடன். இந்த வட்டத்தில் நவாபின் கையெழுத்து இருந்தது, வியர்வையோ உழவனுடையது.

ஒரு கடனின் கதையைச் சற்று விரித்துச் சொல்வது தகும். நவாபின் குதிரைப் படை அளவுக்கு மேல் பெரிதாயிருப்பதாகவும், அதைக் கலைத்துச் செலவைக் குறைக்க வேண்டும் என்றும் கம்பெனி வற்புறுத்தியது. நியாயமான யோசனைதான். ஆனால் வீரர்களுக்குச் சம்பளப் பாக்கி கொடுக்காமல் படையைக் கலைக்க முடியாது. அதற்கென டெய்லர், மஜெண்டி, கால் என்னும் மூவர் 4 லட்சம் வராகன், அதாவது 1,60,000 இங்கிலாந்துப் பவுன், கடன் தர ஒப்புக்கொண்டனர். வட்டி நூற்றுக்கு 12. வரி வசூல் உரிமை உடனே அவர்கள் கைக்குப் போயிற்று. பணமோ வீரர்களின் கைக்கு உடனே வரவில்லை. மாதக்கணக்கில், ஆண்டுக்கணக்கில் இழுத்தடித்தது. அதுவரை படையைக் கலைக்க இயலாமல், அதன் சம்பளமும் ஏறிக்கொண்டே இருந்தது. சிக்கனத்துக்காக வாங்கிய கடன் செலவையே பெருக்கிற்று. வரலாற்றில் இதற்குக் குதிரைப்படைக் கடன் என்று பெயர், ஆண்டு 1777. இதற்கு முன் 1767-இல் பழைய கடன்கள் ஒன்றாகத் திரட்டப்பட்டிருந்தன. அத்தொகை 8,80,000 பவுன். குதிரைப்படைக் கடன் எழுந்த அதே 1777-இல் இன்னொரு பெருந்திரட்டும் நடந்தது. அது 20 லட்சம் பவுனைத் தாண்டிற்று. சிறு சம்பளம் வாங்கிய ஊழியர்களிடம் கடன் கொடுக்க இத்தனை பணம் எப்படி வந்தது என்ற கேள்வியை 1785 பிப்ரவரி 28-இல் எட்மண்ட் பர்க் இங்கிலாந்துப் பார்லிமென்டில் எழுப்பினார். இக்கடனில் பெரும் பகுதி பணமாகக் கைமாறாத வெறும் எழுத்துக் கடன் என்பது அவர் வாதம்.

நிற்க. நவாப் முற்றிலும் அப்பாவியா? நான் அவ்வாறு கருதவில்லை. போர்ச்செலவு அவர் தலையில் கட்டப்பட்டது உண்மை. வேறு வழியின்றி வாங்கிய கடன்களும் உண்டு. ஆனால் தஞ்சாவூரின் மீது அவருக்கிருந்த ஆசை கட்டாயத்தால் வந்ததன்று. 1773-இல் கம்பெனிப் படையின் துணையுடன் தஞ்சையைப் பிடித்தார். அதற்கும் கடன். 1776-இல் கம்பெனி இயக்குநர்களின் ஆணைப்படி ஆளுநர் பிகட் பிரபு தஞ்சையை அதன் அரசர் துளஜாவிடம் திருப்பிக் கொடுத்தபோது, மாளிகை கட்டிய அதே பால் பென்ஃபீல்டு, தஞ்சையின் விளைச்சல் மீது தமக்கு 2,34,000 பவுன் பாக்கி உண்டு என்று எழுந்தார். கடன்காரர்கள் எத்துணை வலிமை பெற்றிருந்தனர் எனின், 1776 ஆகஸ்டில் கோட்டையின் ஆளுநரையே கவுன்சிலார் கைது செய்தனர். பிகட் 1777-இல் காவலிலேயே இறந்தார். லண்டனில் தம் வழக்கை எடுத்துரைக்க நவாப் ஏஜெண்டுகளை வைத்திருந்தார். அதற்கும் பணம்; அதுவும் கடன். மாளிகையின் பகட்டும், விருந்துகளும், வெகுமதிகளும் குறையவேயில்லை. நவாப் என்ற பெயருக்கு ஏற்ப வாழ வேண்டும் என்று அவர் எண்ணினார். அந்தப் பெயரின் விலை என்ன என்று ஒரு நாளும் கணக்கிட்டதாகத் தெரியவில்லை.

திருக்குர்ஆனின் ஆயத்துகளிலேயே நீளமானது எது? தொழுகையைப் பற்றியதோ ஹஜ்ஜைப் பற்றியதோ அன்று. ஸூரத்துல் பகராவில் கடனைத் தவணையோடு எழுதிவைக்கவும் சாட்சி வைக்கவும் கட்டளையிடும் 282-ஆம் ஆயத்தே அது. அதற்குச் சற்று முன்னர்தான் வட்டியைக் கைவிடாதோர்க்கு அல்லாஹ்வும் அவன் தூதரும் போர் அறிவிக்கும் எச்சரிக்கை வருகிறது. கடன் வாங்குவதே பாவம் என்று நம் மார்க்கம் சொல்லவில்லை. நாயகம் (ஸல்) அவர்கள் மறைந்தபோது அவர்களின் போர்க்கவசம் வீட்டுச் செலவுக்கான வாற்கோதுமைக்காக ஒரு யூதரிடம் அடகில் இருந்தது. ஆனால் கடனோடு இறந்த ஒருவரின் ஜனாஸாவுக்குத் தொழவைக்க நாயகம் (ஸல்) அவர்கள் தயங்கி நின்றதும், அபூகத்தாதா (ரலி) அக்கடனைத் தாம் ஏற்ற பிறகே தொழவைத்ததும் நாம் ஓதிய செய்தியே.

ஈகையைப் பற்றியும் ஃபிக்ஹு நூல்கள் வாய் மூடி இருக்கவில்லை. தமிழ்நாட்டு மதரஸாக்களில் ஓதப்படும் மின்ஹாஜில் இமாம் நவவி (ரஹ்) அவர்கள் தெளிவாகத் தீர்ப்பளிக்கிறார்கள்: தன் பொறுப்பிலுள்ள குடும்பத்தின் செலவுக்குத் தேவையான பணத்தையும், வேறு வழியில் அடைபட வாய்ப்பில்லாத கடனுக்குத் தேவையான பணத்தையும் எடுத்து ஸதகா செய்வது ஹராம். இந்தச் சட்டத்தைப் படித்துக் கொடுக்கும்போது மாணவர்கள் வியப்போடு நிமிர்ந்து பார்ப்பதுண்டு. தர்மமும் ஹராமாகுமா என்று அவர்கள் முகம் கேட்கும். ஆகும். ஏனெனில் அப்போது கொடுப்பது தன் பணமன்று. கடன் கொடுத்தவனின் பணம். நவாப் அனுப்பிய பணம் புனித நகரங்களை அடைந்த அதே ஆண்டுகளில், செங்கற்பட்டுச் சீமையின் களத்து மேட்டில் கடன்காரனின் ஆள் நெல் அளந்துகொண்டிருந்தான். அந்த உழவனின் உரிமை எங்கே போயிற்று என்பதற்கு மஹ்ஷரில்தான் விடை.

இது நவாபுகளின் நோய் மட்டுமன்று. எங்கள் பக்கத்தில் ஒரு பெரியவர் தம் மகனின் வலீமாவுக்கு ஆடுகள் வாங்கவும், ஊர் முழுவதையும் அழைக்கவும் வட்டிக்குப் பணம் எடுத்தார். வலீமா சுன்னத்தாயிற்றே, ஹஜரத், சுன்னத்துக்காக வாங்கியதுதானே என்று என்னிடம் கேட்டார். ஓர் ஆட்டோடும் அதற்குக் குறைவாகவும் நிறைவேறக்கூடிய சுன்னத்துக்காக ஹராமைச் செய்யலாமா என்று திருப்பிக் கேட்டேன். அவர் பதில் சொல்லவில்லை. விருந்துக்கு நானும் சென்றிருந்தேன் என்பது பிறகுதான் என் நினைவுக்கு வந்து என்னை வெட்கப்பட வைத்தது. பெண் வீட்டாரின் கைக்கூலிக்காக நகையை அடகு வைப்பதும், கந்தூரிக்கு நேர்ந்துகொண்டு தவணை வட்டியில் விழுவதும், உம்ரா செல்வதற்கு வட்டிக்குக் கடன் எடுப்பதும் இன்றும் நம் மத்தியில் நடப்பவையே. மாளிகை சிறிதாகலாம், கணக்கு அதே கணக்குத்தான்.

மீண்டும் வரலாற்றுக்கு வருவோம். 1780-இல் ஹைதர் அலி கர்நாடகத்தில் இறங்கினார். செப்டம்பர் 10-இல் காஞ்சிக்கு அருகே பொள்ளிலூரில் பெய்லியின் படை அழிந்தது. மன்றோவின் படை தன் பீரங்கிகளைக் காஞ்சிக் குளத்தில் தள்ளிவிட்டுச் செங்கற்பட்டுக்குப் பின்வாங்கியது. போரும் பஞ்சமும் ஜாகீரின் கிராமங்களை வெறுமையாக்கின. ஏரிகள் உடைந்து கிடந்தன. பின்னாளில் கலெக்டர் லயனல் பிளேஸ் மதுராந்தகம் ஏரியைச் செப்பனிட்டதும், அதையொட்டி ஏரி காத்த ராமர் கதை பிறந்ததும் இந்த மாவட்டத்தார் நன்கறிந்தவையே. பல்லாண்டு வரியாகவும் வட்டியாகவும் வெளியேறிய பணத்தில் ஒரு சிறு பங்கு அந்தக் கரைகளுக்குச் செலவாகியிருந்தால் என்று எண்ணாமல் இருக்க முடியவில்லை.

1781 டிசம்பரில் நவாப் தம் நாட்டின் வருவாய் முழுவதையும் கம்பெனியிடம் ஒப்படைத்து, ஆறில் ஒரு பங்கைத் தம் செலவுக்கு ஏற்றுக்கொண்டார். 1785-இல் நாடு திரும்பக் கிடைத்தது. ஆனால் ஆண்டுக்கு 12 லட்சம் வராகன் பழைய கடன்களுக்கென ஒதுக்கப்பட வேண்டும் என்று லண்டன் அதிகாரிகள் முன்பே தீர்மானித்திருந்தனர். எந்தக் கடன் உண்மை, எந்தக் கடன் பொய் என்று சல்லடை போட்டுச் சலிக்காமலேயே இது முடிவாயிற்று. இதைக் கேட்டுத்தான் பர்க் கொதித்தெழுந்தார். வாக்கெடுப்பில் அவர் தோற்றார்.

நவாப் வாலாஜா 1795 அக்டோபர் 13-இல் தம் 78-ஆம் வயதில் மறைந்தார். இளமையில் அவருக்குப் புகலிடமளித்த திருச்சிராப்பள்ளியில், நத்ஹர்வலி தர்காவில் அடக்கமானார். அவர் மறைந்த அதே 1795-இல்தான் திருவல்லிக்கேணியில் கருங்கல்லால் ஆன பெரிய பள்ளிவாசல் எழுந்தது. அதன் ஆண்டைக் குறிக்கும் பாரசீகக் கல்வெட்டை யாத்தவர் ராஜா மக்கன்லால் என்னும் இந்துப் புலவர் என்பது இன்றும் அங்கு செல்வோர் அறிந்து மகிழும் செய்தி.

நாட்டோடு கடனையும் மகன் உம்தத்துல் உமரா பெற்றார். 1801 ஜூலையில் அவர் மறைந்ததும், அம்மாதம் 31-ஆம் நாளைய உடன்படிக்கையின்படி கர்நாடகம் முழுவதும் கம்பெனியின் கைக்குப் போயிற்று. அடுத்து வந்த அஸீமுத் தௌலாவுக்கு நவாப் என்ற பட்டமும் வருவாயில் ஐந்தில் ஒரு பங்குமே மிஞ்சின. 1805-இல் நவாபுகளின் கடன்களை ஆராய ஒரு கமிஷன் அமைக்கப்பட்டது. அதன் முன் வந்து குவிந்த கோரிக்கைகளின் மொத்தம் 3 கோடி பவுனைத் தாண்டிற்று. ஏறத்தாழ கால் நூற்றாண்டு விசாரித்து, அதில் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவானதையே உண்மைக் கடன் என்று கமிஷன் ஏற்றது. மிச்சம் அனைத்தும் பொய்யும் புனைவும். எழுதிக் கொடுத்தவர் கணக்கு வைத்துக்கொள்ளவில்லை. ஆகவே எழுதி வாங்கியவர்கள் தங்கள் மனம் போல் எழுதிக்கொண்டனர்.

இங்கே ஸுபைர் இப்னுல் அவ்வாம் (ரலி) அவர்களின் நினைவு எனக்கு வருகிறது. அவர்களும் பெருங்கடனோடு மறைந்தவர்களே. மக்கள் அமானிதமாகக் கொண்டுவந்த பணத்தை, தொலைந்து போனால் அவர்களுக்கு நட்டமாகிவிடும் என்று அஞ்சித் தம் பொறுப்பில் கடனாகவே ஏற்பார்கள். அதில் வட்டி கிடையாது. ஹிஜ்ரி 36-இல், தாம் கொல்லப்படுவோம் என்று உணர்ந்த நாளில், மகன் அப்துல்லாஹ்வை அழைத்து, தம் சொத்தை விற்றுக் கடனை அடைக்கும்படி வஸிய்யத் செய்தார்கள். கணக்குப் பார்த்தபோது கடன் 22 லட்சமாக இருந்தது. மகன் காபாவிலிருந்த நிலத்தை விற்றார்; அறிந்த கடன்களையெல்லாம் அடைத்தார். பங்கைப் பிரித்துத் தருமாறு வாரிசுகள் கேட்டபோது மறுத்தார். தம் தந்தையிடம் பாக்கியுள்ளவர் எவரேனும் இருப்பின் வரலாம் என்று, நான்கு ஆண்டுகள் ஹஜ்ஜுக் காலந்தோறும் மக்களிடையே அறிவித்துவிட்டு, அதற்குப் பிறகே சொத்தைப் பங்கிட்டார். நான்கு ஹஜ்ஜுக் காலத்தில் அங்கே தீர்ந்த வேலை, இங்கே இரு தலைமுறைகளில் தீரவில்லை.

பால் பென்ஃபீல்டின் முடிவையும் சொல்லிவிட வேண்டும். நவாபின் கடனில் கொழுத்து, இங்கிலாந்தில் பெரும் பண்ணைகள் வாங்கிப் பார்லிமென்டிலும் அமர்ந்த அந்த மனிதர், பிறகு வியாபாரத்தில் நொடித்து 1810-இல் பாரிஸ் நகரில் ஏழையாக இறந்தார்.

பட்டத்து நவாபுகளில் கடைசியானவர் குலாம் கவுஸ் கான் 1855-இல் வாரிசின்றி மறைந்தார். நான்கே ஆண்டுகளில், 1859-இல், சேப்பாக்கம் மாளிகை ஏலத்துக்கு வந்தது. அரசாங்கமே அதை வாங்கிக்கொண்டது. அதன் பின் அது அரசு அலுவலகங்களாயிற்று. திருவல்லிக்கேணிப் பள்ளிவாசல் அல்லாஹ்வின் உடைமையாதலால் ஏலத்துக்கு வரவில்லை. இன்றும் அங்கே ஜும்ஆவுக்கு மக்கள் திரளுகின்றனர்.